தட்டில் வைக்காத அட்டை

என் பெயர் றோஸ்மலர். லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியுமோ இல்லையோ, என் வாயைத் தெரியும். நான் சொல்லப்போவது சுசிலாக்காவின் கதை. ஆனால் அதைச் சொல்வதென்றால் நான் செய்த கூத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வருடங்கள் போய்விட்டன, இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

சுசிலாக்காவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. பாரிசில் பன்னிரண்டு வருடம் உணவகங்களில் பாத்திரம் கழுவியவர். புருஷன் அங்கேயே மாரடைப்பில் போய்விட, மகள் சுவர்ணாவைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டனுக்கு வந்தார். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து அயன் பண்ணும் ஓர் இடத்தில் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். நாள் முழுக்க நீராவிக்குள் நின்று முகம் எப்போதும் சிவந்து கிடக்கும். சபையில் கடைசி வரிசைக்கு முன்வரிசை அவருடையது. பாட்டு நேரத்தில் வாய் அசையும், சத்தம் வராது. ஆறு வருடத்தில் ஒருநாளும் மைக்கைத் தொட்டதில்லை. "அக்கா, கடவுளுக்கு நல்லாக் காது கேக்கும்தான், எண்டாலும் கொஞ்சம் சத்தமாப் பாடினா என்ன?" என்று நான் பகிடி பண்ணுவேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

அவருக்கு ஓர் அண்ணை. பெயர் கிருஷ்ணராசா, சட்டனில் வீடு. சுசிலாக்கா மதம் மாறி ஞானஸ்நானம் எடுத்தபோது, "இனி எனக்குத் தங்கச்சி இல்லை" என்று சொல்லி மூன்று வருடம் பேசாமல் இருந்த மனுசன். பிறகு பிரஷர் கூடி அவருடைய இரண்டு கிட்னியும் பழுதாகின. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுக்கவைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இருதயமும் களைக்கத் தொடங்கிவிட்டது, கெதியில் ஒரு கிட்னி கிடைக்காவிட்டால் ஆள் தப்பாது என்றார்கள் டாக்டர்கள். சுசிலாக்கா போன் எடுத்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சே, "அண்ணை, என்ரையைத் தாறன்" என்பதுதான். ஒரு வருடம் சோதனை மேல் சோதனை. பொருந்திவிட்டது. 2007 ஜனவரி முப்பதாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

இனி அட்டைக்கு வருகிறேன். எங்கள் சபைகளில் புதுவருடத்தன்று வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஒரு தட்டில் நூற்றுச் சொச்சம் அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கடவுள் தரும் ஒரு நல்ல வாக்கு. கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்குக் கடவுள் உங்களுக்கென்று தனியாகச் சொன்னது அதுதான். பிரிட்ஜில் ஒட்டுவார்கள், பர்ஸுக்குள் வைப்பார்கள். பிடிக்காத வசனம் வந்தால் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிற கெட்டிக்காரரும் உண்டு. அதைக் கண்டுபிடித்த பாஸ்டர் திருமாறன், அந்த வருடம்தான், எடுத்த கையோடு மைக்கில் வாசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பாஸ்டர் மலேசியாக்காரர், வாரநாளில் இன்ஜினியர், ஞாயிற்றுக்கிழமையில் எங்களுக்கு மேய்ப்பர்.

அட்டை செய்வது என் பொறுப்பு. அப்டன் பார்க்கில் கலியாணக் கார்ட் விற்கிற கடையில் வெளிர்மஞ்சள் மட்டைத்தாள் வாங்கி, கம்ப்யூட்டரில் அச்சடித்து, சாப்பாட்டு மேசையில் வைத்து வெட்டுவேன். ஐந்து வருடமாக ஒரு பிழை வந்ததில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடத்தான்.

அந்த டிசம்பர் முழுக்கப் பாஸ்டர் எசேக்கியா ராசாவைப் பற்றியே பிரசங்கித்திருந்தார். தகப்பன் பூட்டிவைத்துவிட்டுப் போன ஆலயத்தின் கதவுகளைத் திறந்து, உள்ளே கிடந்த அசுத்தத்தை அள்ளி வெளியே போட்டு, திரும்பவும் ஆராதனையைத் தொடங்கிவைத்த ராசா. அப்பேர்ப்பட்டவருக்கே சாவு நோய் வந்தது. ஏசாயா தீர்க்கதரிசி படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, நீ சாகப்போகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ராசா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். தீர்க்கதரிசி அரண்மனை முற்றத்தைத் தாண்டுவதற்குள் கடவுள் அவரைத் திருப்பி அனுப்பி, இன்னும் பதினைந்து வருடம் தந்தேன் என்று சொல்லச் சொன்னார். நான்கு ஞாயிறும் இதே கதை. எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

ஜனவரி முதலாம் தேதி காலை ஆராதனை. ஒவ்வொருவராகப் போய் அட்டை எடுத்தார்கள். ஆசீர்வாதம், சமாதானம், செழிப்பு என்று வாசிக்க வாசிக்க நாங்கள் ஆமென் போட்டோம். சுசிலாக்காவின் முறை வந்தது. கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். மைக்குக்குக் கிட்டப் போய், எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தார்.

"உன் வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்து வை. நீ சாகப்போகிறாய். இனிப் பிழைக்க மாட்டாய்."

யாரோ பழக்கதோஷத்தில் ஆமென் என்று சொல்லிவிட்டுப் பாதியில் விழுங்கினார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பாஸ்டர் ஓடிவந்து அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். மற்ற அட்டைகளில் கீழே வசனத்தின் எண் இருக்கும். இதில் அதுவும் இல்லை.

"சிஸ்டர் றோஸ்மலர், இத நீங்க வெச்சீங்களா?"

"ஐயோ, இல்லைப் பாஸ்டர்! சத்தியமா நான் வைக்கேல்லை!" நான் மைக்கைப் பறித்துக் கத்தினேன். "ஆருக்காவது விசரே இப்பிடி வைக்க? பட்டியல் இருக்குது, பாருங்கோ!"

பட்டியலைப் பார்த்தார்கள். அதில் அந்த வாக்கு இல்லை. பாஸ்டர் பட்டியலைக் கீழே வைத்தார். "அப்ப இது மனுஷன் வெச்ச அட்டை இல்ல" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அவரும் எங்களைப் போலப் பயந்துதான் போயிருந்தார். பெண்கள் பக்கத்தில் அழுகை கிளம்பியது. சுசிலாக்கா மட்டும் அழவில்லை. மைக்கைக் கேட்டு வாங்கினார். "ஓம், ஆண்டவரே" என்றார். அவருடைய குரல் இவ்வளவு பெரிதென்று அன்றைக்குத்தான் நான் அறிந்தேன்.

பிறகு நடந்ததைக் கேட்கவும் வேண்டுமா? ஆபரேஷனை நிறுத்து என்றார்கள் பாதிப்பேர். "ராஜா மாதிரி அழுது கேளுங்க சிஸ்டர், ஆயுசு கூடும்" என்றார் பாஸ்டர். யூனிவர்சிட்டியில் படிக்கும் சுவர்ணாவுக்குக் கதை எட்டியதும் என் வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாள். "றோஸ் அன்ரி, ஆர் யூ பீப்பிள் மேட்? ஓப்பரேசனுக்குப் போற ஒராளுக்குச் சொல்லுற கதையா இது?" அவளுக்கு முன்னாலும் நான் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

சுசிலாக்கா எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அண்ணைக்கு மட்டும் இது தெரியக்கூடாது. தெரிஞ்சா வேண்டாமெண்டிடுவார். சொன்னவையோடை நான் கதைக்க மாட்டன்."

"அப்ப ஓப்பரேசனுக்குப் போகப் போறியளே அக்கா?" என்றேன்.

"போகாட்டி அண்ணை சாவார். போனா நான் சாவன். எப்பிடியும் நான் சாகத்தானே போறன், அவரேன் சாக வேணும்?"

அடுத்த ஞாயிறு, ஜனவரி ஏழாம் தேதி, என் தலையில் இடி விழுந்தது.

எங்கள் சபையில் சிறுவர் வகுப்பும் என் தலையில்தான். வேதக் கதையைத் துண்டு துண்டாக மட்டையில் அச்சடித்து வெட்டி, கலைத்துக் கொடுப்பேன். பிள்ளைகள் அதை வரிசைப்படுத்தித் தரையில் அடுக்க வேண்டும். அன்றைக்கு எசேக்கியா கதை, பன்னிரண்டு துண்டு. பிள்ளைகள் அடுக்கி முடித்துவிட்டுத் திருதிருவென்று முழித்தார்கள். ராசாவுக்கு நோய் வருகிறது. அடுத்த துண்டில் ராசா சுவரைப் பார்த்து அழுகிறார். ஒரு சின்னப் பெண் என் சட்டையை இழுத்தாள். "அன்ரி, வை இஸ் ஹீ க்ரையிங்? தீர்க்கதரிசி இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."

நான் குனிந்து பார்த்தேன். பதினொரு துண்டுதான் இருந்தது. தீர்க்கதரிசி சொன்ன துண்டைக் காணவில்லை.

கடவுளே! அதே வெளிர்மஞ்சள் மட்டை. அதே எழுத்து. கிறிஸ்துமசுக்கு அடுத்த நாள், தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று அட்டை, துண்டு இரண்டையும் ஒரே மேசையில் ஒரே அளவாக வெட்டியவள் நான்தான். வெட்டிக்கொண்டே போனில் ஒரு மணி நேரம் ஊர்வம்பு அளந்தவளும் நான்தான். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு என் வாயில் நானே அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மைக்கில் சத்தியம் செய்துவிட்டேன். மனுஷக் கை வைக்காத அட்டை என்று கேள்விப்பட்டு இல்ஃபோர்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். என்னைத்தான் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னார்கள், நானும் போய் நின்று சொன்னேன். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று மூன்று வாரம் கடத்தினேன்.

அந்த மூன்று கிழமையில் சுசிலாக்கா வேறு ஆளாகிவிட்டார். முதல் வரிசைக்கு வந்தார். கை இரண்டையும் உயர்த்திச் சத்தமாகப் பாடினார். சுருதி பக்கத்திலும் வராது, ஆனால் கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். எட்டு வருடமாக விரட்டி விரட்டி வேலை வாங்கிய சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "நீர் செய்தது சரியில்லை, எண்டாலும் நான் மன்னிச்சிட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் பிரீசருக்குள் இருந்த கறிப்பெட்டிகளில் எல்லாம் பெயரும் தேதியும் எழுதி ஒட்டினார். பொயிலர் நின்றுபோனால் எந்தப் பொத்தானை அமத்துவது என்று சுவர்ணாவுக்குக் காட்டப்போக, அவள் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

ஒருநாள் என்னை அப்டன் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிறீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக்கடை. மாம்பழ நிறத்தில் ஒரு பட்டை எடுத்துக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார்.

"கலியாணமோ அன்ரி?" என்றார் கடைக்காரர்.

"இல்லைத் தம்பி, சவப்பெட்டிக்கு."

கடைக்காரர் மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே விட்டுவிட்டார். சுசிலாக்கா என் பக்கம் திரும்பி, "நீதான் எனக்கு உடுத்திவிட வேணும் றோஸ். மற்றவையள் கொய்யக மடிப்பைச் சரியா வைக்க மாட்டினம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பிளேஸ்டோ முழுக்கக் கேட்கிற வாய்!

திரும்பி வரும் பஸ்ஸில், எப்படியாவது பேச்சைத் தொடங்கவேண்டும் என்று, "அக்கா, ராசாவைப் போலை நீங்களும் அழுது கேட்டியளோ? பதினைஞ்சு வருசம்?" என்றேன்.

"கேட்டன். ஆனா எனக்கில்லை." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ராசா வாங்கின பதினைஞ்சை வைச்சு என்ன செய்தவர்? பாபிலோனிலையிருந்து வந்தவைக்கு வீட்டிலை கிடந்த பொன்னெல்லாம் திறந்து காட்டிப் பெருமை அடிச்சவர். எனக்கு அது வேண்டாம். என்ரை பதினைஞ்சை அண்ணைக்குக் குடுக்கச் சொல்லிக் கேட்டன்."

நான் இறங்கவேண்டிய தரிப்புக்கு இரண்டு தரிப்பு முதலே இறங்கி நடந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

முப்பதாம் தேதி காலை ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தவள் நான். சுவர்ணா பக்கத்து வார்ட்டில் மாமாவைப் பார்க்கப் போயிருந்தாள். சுசிலாக்கா ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் அமைதியாக இருந்தார். "றோஸ், சொல்லுறதைக் கேள். டாக்குத்தர் வந்து நான் போயிட்டன் எண்டு சொன்னவுடனை சுவர்ணாவை உள்ளை விடாதை. முதல் நீ வந்து என்ரை வாயை மூடி, தலையைச் சரியாக்கிப்போட்டுப் பிறகு விடு. பிள்ளை பயந்திடும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கைப்பைக்குள் மூன்று கிழமையாகச் சுமந்து திரிந்த பதினொரு துண்டையும் எடுத்தேன். ஒவ்வொன்றாகப் போர்வை மேல் அடுக்கினேன். நடுவில் ஒரு துண்டுக்கு இடம் விட்டேன்.

"உங்கடை அட்டையைத் தாங்கோ அக்கா."

பாஸ்டரிடமிருந்து திரும்ப வாங்கியிருந்த அதைத் தலையணைக்குக் கீழே இருந்து எடுத்துத் தந்தார். இடைவெளியில் வைத்தேன். அச்சுப்போல் பொருந்தியது.

"பிள்ளையளின்ரை விளையாட்டு அக்கா. நான் வெட்டினது. மாறித் தட்டுக்கை விழுந்திட்டுது. ஏழாம் தேதியே எனக்குத் தெரியும். என்னை அடியுங்கோ."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அல்லது, சாகப்போவதில்லை என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. அந்தத் துண்டுகளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எடி, அப்ப கடவுள் எனக்கு ஒண்டுமே சொல்லேல்லையோ?"

துண்டுகளை எடுக்கப்போன என் கையைத் தடுத்தார்.

"முப்பது நாளாடி. அவர் என்னோடை கதைச்சவர் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். சா எண்டு சொன்னாலும் பரவாயில்லை, இத்தினை சனத்துக்கை என்னைத் தெரிஞ்செடுத்துச் சொன்னாரே எண்டு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. பிறகு தோள். பிறகு பல் அடித்தது. ஒரு மாதமாகச் சாவை நினைத்துக் கண்ணே கலங்காத மனுசி, என் கண்ணுக்கு முன்னால் பயந்து ஒடுங்கிப்போனார்.

அந்த நேரம் பார்த்து நேர்ஸ் வந்தாள். நடுக்கத்தைக் கண்டதும் கட்டிலில் உட்கார்ந்து, சுசிலாக்காவின் கையைப் பிடித்தாள். இப்போதும் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அண்ணனுக்கும் மருத்துவக் காரணம் என்று மட்டும்தான் சொல்லுவோம் என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"வெட்டினா எவ்வளவு நோகும் எண்டு கேள்" என்றார் சுசிலாக்கா. "எத்தினை பேரிலை ஒராள் சாகிறது எண்டும் கேள்."

மூவாயிரத்தில் ஒருவர் என்றாள் நேர்ஸ். டாக்டர்கள் இதை முன்பே பலதரம் சொல்லியிருந்தார்கள். அவர் காதில் வாங்கியதே இல்லை. அவருக்குத்தான் முடிவு தெரிந்திருந்ததே. இப்போது அந்த ஒருவரை நினைத்து அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

என்ன காரியம் செய்துவிட்டேன் நான்! பொய்யோடு நிமிர்ந்து நின்ற மனுசியை உண்மையைச் சொல்லி விழுத்திவிட்டேன். பக்கத்து வார்ட்டில் அண்ணை கையில் ஊசி ஏற்றிக்கொண்டு காத்திருக்கிறார். இவர் வேண்டாம் என்றால் அவர் சாவு என் தலையில். வா என்று இவரை உந்தவும் எனக்கு வாய் வரவில்லை. "அக்கா, ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"பொத்தடி வாயை!"

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுசிலாக்கா கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"இவ்வளவு நாளும் நான் எங்கை குடுத்தனான்? சாகப்போறவளுக்குக் கிட்னி என்னத்துக்கு? விட்டிட்டுப் போற சாமான்களோடை அதையும் விட்டிட்டுப் போக இருந்தன். இப்ப எனக்கு உயிர் வேணும்போலை கிடக்கு. சுவர்ணாவோடை வீட்டை போகவேணும்போலை கிடக்கு. பயமாக் கிடக்கு." ஒரு மூச்சு எடுத்தார். "இப்பதான்டி நான் அண்ணைக்குக் குடுக்கிறன்."

நேர்ஸ் பக்கம் திரும்பி, பல் அடிக்க அடிக்க, "யெஸ். கோ" என்றார். தள்ளுகட்டில் லிஃப்டுக்குள் போகும்வரை அந்த நடுக்கம் நிற்கவில்லை. நான் அந்தக் கொரிடோரில், போர்வையிலிருந்து உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பேயறைந்தவள் மாதிரி நின்றேன்.

மாலை ஆறு மணிக்கு அவரைக் கண்காணிப்பு வார்ட்டில் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய், முகம் வெளிறிக் கிடந்தது. கண்ணைத் திறந்தார்.

"இருக்கிறனோ?"

"இருக்கிறியள் அக்கா."

"நோகுது. அண்ணை?"

"பொருத்தின உடனையே வேலை செய்யத் தொடங்கிட்டுதாம் அக்கா! சிறுநீர் போகுதாம்!"

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"ஆர் சொன்னது? நீயோ, டாக்குத்தரோ?"

"டாக்குத்தர்தான் அக்கா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.